எட்டில் ஒன்று விட்டுப் போனால்...

கடையில் நான்கு தராசு இருந்தால் நான்குக்கும்தான் முத்திரை வைக்க வேண்டும். மூன்றுக்கு வைத்துவிட்டு ஒன்றை விட்டால், சோதனைக்கு வரும் அதிகாரியின் கண் விட்டுப் போன அந்த ஒன்றின் மேல்தான் விழும். "மற்ற மூன்றும் சரியாக இருக்கிறதே" என்ற சமாதானம் அங்கே செல்லாது. இது நம் வணிகர்கள் அனைவருக்கும் தெரிந்த விஷயம்.

இன்று பெரும்பாலான கடைகளில் தராசுக்குச் சமமான இன்னொரு கருவி வந்து உட்கார்ந்துவிட்டது. அதுதான் கம்ப்யூட்டர். கடைக்கு ஒன்று என்று இருந்த காலத்தில் பெரிய கவலை இல்லை. இப்போது நடுத்தர மளிகைக் கடையிலேயே பில் போட இரண்டு, கணக்குக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று என்று நான்கைந்து கம்ப்யூட்டர்கள் கம்பி வழியாக ஒன்றோடொன்று இணைந்து ஓடுகின்றன. மொத்த வியாபார மண்டிகளில் இன்னும் அதிகம். வரி மாறினாலோ, ரிட்டர்ன் படிவம் மாறினாலோ, பில் போடும் புரோகிராமின் புதிய பதிப்பை இவை எல்லாவற்றிலும் ஏற்றியாக வேண்டும். "ஏற்றியாகிவிட்டது" என்று சாஃப்ட்வேர்காரர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எத்தனையில் ஏற்றினார், எதை விட்டார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

இது சாஃப்ட்வேர்காரர் பாடு, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். ஒரே ஒரு கம்ப்யூட்டர் விட்டுப் போனதால் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் முக்கால் மணி நேரத்தில் நிலை குலைந்த கதையை முதலில் சொல்கிறோம். பிறகு நம் கல்லாவுக்கு வருவோம்.

45 நிமிடம், 46 கோடி டாலர்

நைட் கேபிட்டல் என்பது அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இருந்த பங்குத் தரகு நிறுவனம். சில்லறை முதலீட்டாளர்களின் பங்கு ஆர்டர்களை மொத்தமாகக் கையாள்வதில் அந்த நாட்டில் முன்னணியில் நின்றது. நம் பாஷையில் சொன்னால் பங்குகளுக்கு ஒரு பெரிய கமிஷன் மண்டி.

2012 ஆகஸ்ட் 1 முதல் நியூயார்க் பங்குச் சந்தையில் சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதிய திட்டம் தொடங்குவதாக இருந்தது. அதற்கேற்ப நைட் நிறுவனம் தன் புரோகிராமை மாற்றியது. ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் வேலையை எட்டு சர்வர் கம்ப்யூட்டர்கள் செய்துவந்தன. ஜூலை 27 முதல் புதிய புரோகிராமை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஏழில் ஏற்றிய ஊழியர் எட்டாவதை விட்டுவிட்டார். இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறை அங்கே எழுத்தில் இல்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

விட்டுப் போனதோடு நின்றிருந்தால் சேதம் குறைந்திருக்கும். அந்த எட்டாவது கம்ப்யூட்டரில் 2003-லேயே உபயோகத்தை நிறுத்திய ஒரு பழைய புரோகிராம் பகுதி அழிக்கப்படாமல் கிடந்தது. அதைத் தட்டி எழுப்பும் அதே அடையாளக் குறியைத்தான் புதிய புரோகிராமுக்கும் வைத்திருந்தார்கள். "கேட்ட அளவு வாங்கியாகிவிட்டது, நிறுத்து" என்று எண்ணிச் சொல்லும் பகுதியையோ 2005-ல் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஆகவே பழைய பகுதி விழித்துக்கொண்டபோது அதை நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்தது. ஏழு கம்ப்யூட்டர்கள் ஒழுங்காக வேலை செய்தன. எட்டாவது மட்டும் பங்குகளை வாங்குவதும் விற்பதுமாக ஆர்டர்களைக் கொட்டித் தள்ளியது. வாடிக்கையாளர்கள் கொடுத்தவை வெறும் 212 சிறிய ஆர்டர்கள். அவற்றை நிறைவேற்றப் புகுந்து, சுமார் 45 நிமிடத்தில் 154 வகைப் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரங்கள் நடந்துவிட்டன. கைமாறிய பங்குகள் 39 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். கடைசியில் நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கானது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,500 கோடி ரூபாய்.

இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு.

முதலாவது, முன்னெச்சரிக்கை வந்திருந்தது. சந்தை திறப்பதற்கு முன்பே, காலை 8 மணி முதல், கோளாறைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை அந்தக் கம்ப்யூட்டர் அமைப்பே ஊழியர்களுக்குத் தானாக அனுப்பியிருந்தது. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது, பதற்றத்தில் செய்த வைத்தியம் நோயை வளர்த்தது. புதிய புரோகிராம்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு கம்ப்யூட்டர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். ஒன்று செய்துகொண்டிருந்த தவறை இப்போது எட்டும் சேர்ந்து செய்ய ஆரம்பித்தன.

அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2013 அக்டோபரில் அந்த நிறுவனத்துக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்த ஆண்டிலேயே நைட் நிறுவனம் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து தன் தனி வாழ்வை முடித்துக்கொண்டது.

ஒரே மூச்சில் போட்டதும் கெடுதல், போடாமல் விட்டதும் கெடுதல்

"அப்படியானால் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டால் சரிதானே" என்று தோன்றும். அதிலும் ஆபத்து உண்டு என்பதை 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை உலகம் கண்டது.

கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க நிறுவனம் கம்ப்யூட்டர்களைத் திருட்டுத் தாக்குதலிலிருந்து காக்கும் சாஃப்ட்வேரை விற்கிறது. அன்று இந்திய நேரப்படி காலை 9.39-க்கு ஒரு சிறிய புதுப்பிப்பு ஃபைலை உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் அனுப்பியது. அந்த ஃபைல் 21 விவரங்களை எதிர்பார்த்தது. கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராம் 20 மட்டுமே கொடுத்தது. இந்த ஒரு விவர வித்தியாசத்தில் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றுவிட்டன. தவறு தெரிந்து 78 நிமிடத்தில் ஃபைலை மாற்றிவிட்டார்கள். அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கிப் போயிருந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில்கூடப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அனுப்பியது ஒரு நொடியில். சரிசெய்ய வேண்டியிருந்ததோ பெரும்பாலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து. அதன் பிறகுதான் இத்தகைய ஃபைல்களையும் முதலில் சிலருக்கு, பிறகு பலருக்கு என்று படிப்படியாக அனுப்பும் முறையை அந்த நிறுவனம் அறிவித்தது.

மூன்றாவது வகைத் தவறு, புதியதை வாங்கி வைத்துக்கொண்டு போடாமலே இருப்பது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் ஃபைலை வெளியிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்கள் உலகெங்கும் லட்சக்கணக்கில் இருந்தன. மே 12 அன்று வானாக்ரை என்ற வைரஸ் அந்த ஓட்டை வழியாக நுழைந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. நோயாளிகளுக்குக் குறித்திருந்த சந்திப்புகள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. மருந்து கையில் இருந்தும் இரண்டு மாதம் குடிக்காமல் இருந்ததன் பலன் அது.

ஆக, விட்டுப் போகவும் கூடாது, சோதிக்காமல் கொட்டவும் கூடாது, தள்ளிப் போடவும் கூடாது. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் சரியான வழி இருக்கிறது.

நம் கல்லாவில் என்ன நடக்கும்?

2025 செப்டம்பர் 3 இரவு ஜி.எஸ்.டி. கவுன்சில் பெரிய வரி மாற்றத்தை அறிவித்தது. செப்டம்பர் 22, திங்கட்கிழமை, நவராத்திரி முதல் நாளன்று அது அமலுக்கு வந்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் போன்றவை 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதத்துக்கு இறங்கின. வெண்ணெய், நெய், பாக்கெட் மிக்சர் போன்றவை 12-லிருந்து 5 ஆயின. கொலு நேரத்துக் கூட்டம், மாறிய விலைப்பட்டி, புதிய புரோகிராம் மூன்றும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன.

அந்த வாரத்தில் ஒரு பில் கவுண்டரில் மட்டும் பழைய வரி விகிதம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன்பு வரியோடு 118 ரூபாய்க்கு விற்ற சோப்புக் கட்டை, வரி குறைந்ததால் 105 ரூபாய்க்கு விற்கிறோம். சரியான கணக்கில் இதில் சரக்கின் மதிப்பு 100, வரி 5. பழைய புரோகிராமோ 105-ஐ 18 சதவிகிதத்தால் பிரித்து, சரக்கு 88 ரூபாய் 98 காசு, வரி 16 ரூபாய் 2 காசு என்று எழுதிவிடும். வாங்கியவருக்கு வித்தியாசம் தெரியாது. கல்லாவிலும் பணம் சரியாக இருக்கும். வரி என்ற பெயரில் பில்லில் காட்டிய தொகை அரசுக்குச் சேர வேண்டியதாகிவிடும். கட்டு ஒன்றுக்கு 11 ரூபாய் நம் கைக்காசு. நாளைக்கு நூறு கட்டு ஓடினால் 1,100 ரூபாய். மாதக் கடைசியில் ரிட்டர்ன் போடும்போதுதான் கண்ணில் படும்.

விலையையும் மாற்றாமல் 118 என்றே அந்தக் கவுண்டர் போட்டால் கதை வேறு. பக்கத்துக் கவுண்டரில் 105, இங்கே 118. ஒரே கடையில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை. வாடிக்கையாளர் அதைக் கம்ப்யூட்டர் கோளாறு என்று எண்ண மாட்டார். "ஏமாற்றுகிறார்கள்" என்றுதான் தெருவில் சொல்வார். மொத்த வியாபாரிகளுக்கு இன்னும் சங்கடம். தவறான விகிதத்தில் போன பில்லுக்குக் கிரெடிட் நோட் போட்டுத் திருத்த வேண்டும். வாங்கிய சில்லறை வியாபாரியும் தம் கணக்கைத் திருத்த வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. செப்டம்பர் 21 வரை பழைய விகிதத்தில் விற்ற சரக்கு பிறகு திரும்பி வந்தால், கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான் போட வேண்டும். ஆகவே பழைய விகிதத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது சரியல்ல. தேதியைப் பார்த்து இரண்டையும் கையாளத் தெரிந்த புரோகிராமே நல்ல புரோகிராம்.

1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தபோது நம் முன்னோர்கள் பட்ட பாடும் இதுதான். ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா என்பதால், ஓர் அணாவுக்கு 6, மூன்று அணாவுக்கு 19 என்று முழு எண்ணாக்கி மாற்று அட்டவணை கொடுத்தார்கள். பழைய காசும் புதிய காசும் சேர்ந்து புழங்கிய காலத்தில் எல்லாக் கல்லாவிலும் ஒரே அட்டவணை இருக்க வேண்டியிருந்தது. ஒருவர் மட்டும் மனக்கணக்கில் ஆறு ஆறாகக் கூட்டி மூன்று அணாவுக்கு 18 என்றால் கடை வாசலில் தகராறுதான்.

உங்கள் கடையில் எந்த முறை?

புரோகிராம் ஏற்றும் விதம் கடைக்குக் கடை வேறுபடும். முதலில் நம்முடையது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சில கடைகளில் புரோகிராம் சர்வர் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். மற்றவை அதிலிருந்தே எடுத்து ஓட்டும். இங்கே ஓரிடத்தில் மாற்றினால் போதும். சர்வரோ இணைப்போ நின்றால் எல்லாக் கவுண்டரும் நிற்கும் என்பது இதன் குறை.

வேறு சில கடைகளில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனிப் பிரதி இருக்கும். சூப்பர் மார்க்கெட் கவுண்டர்களில் பொருள் பட்டியலும் விலையும்கூடத் தனிப் பிரதியாக இருப்பது உண்டு. இணைப்பு அறுந்தாலும் பில் நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. "ஒன்று விட்டுப் போகும்" ஆபத்து இங்கேதான் அதிகம்.

மூன்றாவது முறையில், காலையில் புரோகிராமைத் திறக்கும்போதே அது சர்வரில் உள்ள பதிப்பு எண்ணைத் தன் எண்ணோடு ஒப்பிட்டு, புதியது இருந்தால் தானே எடுத்துக்கொள்ளும். நல்ல முறைதான். இரவில் புரோகிராமை மூடாமல் கம்ப்யூட்டரை உறங்க மட்டும் விட்டுப் போகும் கடைகளில், அது காலையில் பழையபடியே தொடர்ந்து ஓடும். ஒப்பிடும் நேரமே வராது. நாள்தோறும் கடை அடைக்கும்போது புரோகிராமை மூடிக் கம்ப்யூட்டரை அணைக்கும் பழக்கம் இதற்காகவே அவசியம்.

நம் மண்டியில் செய்யும் முறை

நம் மண்டியில் ஆறு கம்ப்யூட்டர்கள். ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பு வரும்போது கீழ்க்கண்டபடி செய்துவருகிறோம். இதில் கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் தேவையில்லை. சரக்கு இருப்பு எடுக்கத் தெரிந்த யாரும் செய்யலாம்.

1. இருப்புப் பட்டியல்: எத்தனை கம்ப்யூட்டர், எங்கே இருக்கிறது, யார் உபயோகிக்கிறார் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். குடோன் மூலையில் இருப்பது, ரிப்பேருக்குப் போயிருப்பது, வீட்டில் மகன் கணக்குப் பார்க்கும் லேப்டாப் எல்லாம் இதில் அடக்கம். விட்டுப் போவது பெரும்பாலும் இப்படி ஓரத்தில் இருப்பதுதான். விலையைத் தானே அச்சிடும் எடை இயந்திரம் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

2. கணக்கின் நகல்: வேலையைத் தொடங்கும் முன் முழுக் கணக்கையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துக் கழற்றி வைக்கிறோம். புதிய புரோகிராம் ஒருமுறை கணக்கைத் தன் முறைக்கு மாற்றிக்கொண்டால், பழைய புரோகிராமால் அதைப் பல சமயம் திறக்க முடியாது. பின்வாங்க நேர்ந்தால் பழைய புரோகிராமும் பழைய கணக்கும் ஜோடியாக வேண்டும். ஒன்றை மட்டும் வைத்திருப்பதில் பயனில்லை.

3. முதலில் ஒன்றில் மட்டும்: நகல் கணக்கை வைத்து ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஐந்து மாதிரி பில் போடுகிறோம். ரொக்க பில் ஒன்று, கடன் பில் ஒன்று, தள்ளுபடி உள்ளது ஒன்று, வரியில்லாத சரக்கும் வரியுள்ள சரக்கும் கலந்தது ஒன்று, திரும்பி வந்த சரக்குக்குக் கிரெடிட் நோட் ஒன்று. ஐந்தையும் கையால் கணக்குப் போட்டு ஒத்துப் பார்க்கிறோம். காசு வரை ஒத்துவந்தால்தான் அடுத்தது.

4. நேரம்: கடை அடைத்த பிறகே. ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 11, 20 தேதிகளை ஒட்டியும், பண்டிகைக்கு முந்தின நாளிலும் தொடுவதில்லை. எல்லோரும் புரோகிராமை விட்டு வெளியே வந்தாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலின் மேல் புதியதை எழுத விண்டோஸ் விடாது. இதனால் பாதி ஃபைல் புதிது, பாதி பழையது என்று அரைகுறையாக நிற்கும் கம்ப்யூட்டர்கள் உண்டு.

5. எண் பார்த்து டிக்: ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பதிப்பு எண்ணைத் திரையில் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். ஏற்றியவர் ஒருவர், எண்ணைப் படித்து எழுதுபவர் வேறொருவர். ஆறு வரியிலும் ஒரே எண் இருந்தால்தான் விளக்கை அணைப்போம். நைட் நிறுவனத்தில் இல்லாமல் போனது இந்த ஒரு வரிதான்.

6. காலை முதல் ஒரு மணி நேரம்: மறுநாள் ஒவ்வொரு கவுண்டரின் முதல் பத்து பில்லையும் ஒருவர் பார்க்கிறார். திரையில் வழக்கத்துக்கு மாறான வாசகம் வந்தால் "சரி" பொத்தானை அழுத்தி ஓட்டிவிடாமல் படித்து எழுதி வைக்கும்படி பையன்களிடம் சொல்லியிருக்கிறோம்.

7. கோளாறு வந்தால்: அந்தக் கவுண்டரை மட்டும் நிறுத்துகிறோம். எது வேறுபடுகிறது என்று தெரியாமல் மற்றவற்றைத் தொடுவதில்லை. வியாபாரம் நிற்காமலிருக்க, தனி வரிசை எண் அச்சிட்ட கை பில் புத்தகம் கல்லாவில் எப்போதும் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசையில் பில் போட ஜி.எஸ்.டி. விதி இடம் தருகிறது. எழுதிய பில்களை அன்று மாலையே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும்.

சாஃப்ட்வேர்காரரிடம் கேட்க வேண்டியவை

ஆண்டுச் சந்தா கட்டும்போது விலையை மட்டும் பேசி முடித்துவிடக் கூடாது. புதிய பதிப்பு வந்தால் எத்தனை நாளில் தருவீர்கள்? என்ன மாறியிருக்கிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருவீர்களா? பழைய பதிப்புக்குத் திரும்ப வழி உண்டா? எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றியதற்கு எண்ணோடு கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. "புதிய பதிப்பு வந்திருக்கிறது, இந்த ஃபைலைத் திறங்கள்" என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ யாராவது அனுப்பினால் திறக்க வேண்டாம். சாஃப்ட்வேர் நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்தோ, நேரில் வரும் அவர்கள் ஆளிடமிருந்தோ மட்டுமே பெற வேண்டும். தூரத்திலிருந்து நம் கம்ப்யூட்டரை இயக்க அனுமதித்தால், வேலை முடியும் வரை நம் ஆள் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். திறந்த கல்லாவை அந்நியரிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போக மாட்டோம் அல்லவா?

விண்டோஸுக்கும் இதே நியாயம் பொருந்தும். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய விண்டோஸில் ஓடும் கம்ப்யூட்டர்கள் எவை என்பதையும் அதே நோட்டில் குறித்துக்கொண்டு, வருமானத்துக்கேற்ப ஒவ்வொன்றாக மாற்றத் திட்டமிடுவது நல்லது.

இந்த இதழைப் படித்து முடித்ததும் அங்கத்தினர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் கடையிலுள்ள கம்ப்யூட்டர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே இன்றைய பதிப்பு எண்ணைப் பார்த்து எழுதுங்கள். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தோஷம். ஒன்று மட்டும் வேறு எண் காட்டினால், அடுத்த வரி மாற்றம் வரும் வரை காத்திருக்காமல் இன்று இரவே சாஃப்ட்வேர்காரரை அழையுங்கள்.